இறக்கைக் கழிவில் ஒரு வீடு

பிப்ரவரி 6

குட்டி,

போனில் இனி பேசமாட்டேன் என்று கத்தியவன் கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். நினைத்துக்கொள். போனில் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் உனக்கு மீட்டிங் குரல் வந்துவிடுகிறது. "அண்ணா, அதை நான் நோட் பண்ணிக்கறேன்" என்கிறாய். கூடப் பிறந்தவன் புலம்புவதை நோட் பண்ணிக்கொள்ளும் தங்கையிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் உன் நம்பரைத் தடுத்து வைத்தேன். காகிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. கடல் தாண்டி உன் தலைமை அலுவலகத்துக்கு இது வந்து சேர நாளாகும். ஆகட்டும், என் கோபம் அதற்குள் ஊசிப்போகாது.

நேற்று மறுபடியும் பஸ் வந்தது. இந்த முறை பள்ளிக்கூடப் பிள்ளைகள். வாத்தியார் நம் வீட்டுச் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார். "காற்றாலைக்கு இறக்கை செய்யறப்ப மிச்சமாகிற கழிவை அரைச்சு, கல்லாக்கி, கட்டின வீடு. நல்லாப் பாருங்க." ஒரு வாண்டு கையைத் தூக்கிக் கேட்டது: "சார், இதுக்குள்ள நிஜ மனுஷங்க இருக்காங்களா?" உன் அண்ணி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "இருக்கோம்டா, இன்னும் சாகல" என்றாள். பிள்ளைகள் சிரித்தன. வாத்தியார் சிரிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சுவர் உப்புகிறது. முதலில் பூச்சில் வலை போட்டதுபோல் கீறல் விழுந்தது. மழைக்குப் பிறகு பாளம் பாளமாக விட்டுவிட்டது. கல் தெரிகிற இடத்தில் கை பட்டால் பூனை முடி மாதிரி ஏதோ ஒட்டுகிறது. பூனை முடி என்றால் தட்டிவிடலாம். இது கண்ணாடி நூல், தோலுக்குள் போய்க் குடித்தனம் நடத்துகிறது. பாப்பா தூக்கத்தில் முழங்கையைச் சொறிந்து ரத்தம் வரவழைத்துக்கொள்கிறாள்.

அண்ணியின் தையல் மெஷின் முன்னறையில்தான் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தாள். மூட்டையோடு திரும்பி வந்தது. "போட்டா உடம்பெல்லாம் அரிக்குதுக்கா. நாங்க நோயாளிக்கு ஊசி போடறதா, நின்னு சொறிஞ்சிக்கறதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் ஒருத்தி. அவள் கேட்டதில் என்ன தப்பு? அதற்கப்புறம் குழந்தைத் துணி தைக்கக் கொடுத்தவர்களும் வரவில்லை. இத்தனை வருஷம் அவள் கை நேர்த்தியால் சேர்த்த ஆட்கள் இந்தச் சுவரால் போய்விட்டார்கள்.

இந்த வீட்டை இடிக்க வேண்டும். ஐந்து வருஷம் காட்சிக்கு வைக்கிறேன், ஓர் ஆணியைக்கூட இடம் மாற்றி அடிக்கமாட்டேன் என்று உன் பேச்சைக் கேட்டு உன் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மீறினால் என் பட்டறையில் அவர்கள் வைத்த, கழிவைக் கல்லாக்கும் பிளாக் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், நான் மறுபடி கூலிக்குக் கொத்துக் கரண்டி பிடிக்கப் போக வேண்டியதுதான். ஆனால் நீ சொன்னால் விட்டுவிடுவார்கள். இந்த வீடு குடியிருக்க லாயக்கில்லை என்று உன் வாயால் சொல். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

அண்ணன்

பிப்ரவரி 19

அண்ணா,

உன் கடிதத்தை நோட் பண்ணிக்கொள்ளவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

பாப்பாவுக்குக் களிம்பு வாங்கி அனுப்பியிருக்கிறேன். கல் தெரியும் இடத்தில் கெட்டியாக இரண்டு கை பெயின்ட் அடி. தரையைத் துடைப்பத்தால் கூட்டாதே, ஈரத் துணியால் துடை. தையல் மெஷினைப் பின்னறைக்கு மாற்று. இதெல்லாம் போதாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஏப்ரல் வரை பொறுத்துக்கொள். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு திட்டு.

காற்றாலை சுத்தமானது என்று ஊரே சொல்கிறது. சுற்றும்போது சுத்தம்தான். செய்யும்போது? நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஓர் இறக்கை அச்சிலிருந்து வெளியே வந்தால் அதன் பக்கத்தில் என்னைவிட உயரமாக ஒரு குப்பை மேடு நிற்கும். இறக்கைக்கு வெட்டிய கண்ணாடி நூல் துணியின் ஓரங்கள். அச்சின் மேல் ஒரே ஒரு முறை விரித்துவிட்டுக் கிழித்தெறியும் பிளாஸ்டிக் உறை, குழாய், வலை. எல்லாம் பின்னால் இருந்த பள்ளத்துக்குப் போகும். அதைக் குறைக்க வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் நான். ஒரே உறையைக் கழுவிக் கழுவித் திரும்ப விரிக்கும்படி ரப்பர் உறை கொண்டுவந்தேன். துணியை வீணாக்காமல் வெட்டும் முறையைக் கொண்டுவந்தேன். அண்ணி ஒரு சட்டைத் துணியில் சட்டையும் வெட்டி, மிச்சத்தில் பாப்பாவுக்குக் கவுனும் வெட்டுவாளே, அதைப் பார்த்துத்தான் அந்த யோசனையே வந்தது. அச்சைச் சூடாக்கும் மின்சாரத்தையும் குறைத்தேன். இதெல்லாம் நிஜம் அண்ணா. ராப்பகலாக மாடு மாதிரி உழைத்துச் செய்தது. ஒருவரும் கை தட்டவில்லை.

உன் வீட்டுப் படத்தைக் காட்டினேன், எழுந்து நின்று தட்டினார்கள். அந்தக் கைதட்டலை வைத்துத்தான் ரப்பர் உறையைத் தொடரவே அனுமதி வாங்கினேன். ஏப்ரலில் ஒரு விருதுக் குழு வருகிறது. விருது கிடைத்தால் கம்பெனியின் எல்லா ஃபேக்டரியும் என் முறைக்கு மாறியே ஆக வேண்டும். எத்தனை பள்ளம் நிரம்பாமல் தப்பிக்கும் என்று யோசித்துப் பார். இப்போது வீடு சரியில்லை என்று நான் சொன்னால், மற்றதையும் சேர்த்துக் கொளுத்திவிடுவார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நாங்கள் சோதித்த கல்லில் கழிவுத் தூள் கொஞ்சம்தான், மணல்தான் அதிகம். அந்தக் கல் இப்படி உப்பவில்லை. நீ கலவையில் மணலைக் குறைத்தாயா?

தங்கை

மார்ச் 3

மதிப்புக்குரிய மேடம் அவர்களுக்கு,

குறைத்தேன். போதுமா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ ஆடிய ஆட்டத்துக்கு என் கலவைதான் கோணலா? எனக்கு வாரத்துக்கு ஒரு லாரி கழிவு வரும் என்றாய். அந்தக் கணக்கில் மணல் போட்டு, சிமென்ட் போட்டு, நீ சொன்னபடிதான் கல் அடித்தேன். அப்புறம் உன் கம்பெனி, கழிவே இல்லாத ஃபேக்டரி என்று வாசலில் பலகை மாட்டியது. பலகை மாட்டிய மறுநாளிலிருந்து தினம் ஒரு லாரி. பின்னால் இருந்த பள்ளத்தை மூடியாயிற்று, அந்தப் பள்ளத்தின் வாய் என் பட்டறைப் பக்கம் திறந்துகொண்டது. மழை வந்தால் குவியல் நனையும், வெயில் அடித்தால் பறக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? கல்லுக்குள்தான் கொட்டினேன். மணல் இருந்த இடத்தில் உன் குப்பை உட்கார்ந்தது. எனக்குத் தெரிந்தேதான் செய்தேன். தங்கை கெட்டிக்காரி, யோசிக்காமலா அனுப்புவாள் என்று ஒரு நம்பிக்கை.

நல்லவேளை, வெளியாள் ஒருத்தரும் அந்தக் கல்லை வாங்கவில்லை. கம்பெனியே வாங்கி மதில் கட்டிக்கொண்டது. மீதியில் நான் வீடு கட்டினேன். மதிலுக்கு அரிக்காது.

இன்னொன்று கேள். போன வாரம் லாரிக்காரன் அவசரத்தில் தொட்டியோடு இறக்கிவிட்டுப் போய்விட்டான். பச்சைத் தொட்டி. பச்சை என்றால் உலர்ந்த கண்ணாடித் துணி, அது எனக்கு. சிவப்பு என்றால் பசை ஊறிய கந்தை, பிளாஸ்டிக் உறை, சரியாக இறுகாத ரெசின், அது எனக்கு வரவே கூடாது. நீதானே சொல்லிக்கொடுத்தாய்? இந்தப் பச்சைத் தொட்டியின் விளிம்பு லாரியில் உரசிப் பெயின்ட் உரிந்திருந்தது. அடியில் சிவப்பு. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், சுற்றிலும் சிவப்பு. முன்பே மெஷினில் பிளாஸ்டிக் சிக்கியபோது உங்கள் பசைக்காரரிடம் கேட்டேன். ரெசின் கலக்குகிற பிரிவுக்கு அவர்தானே தலை. "எல்லாம் பச்சைத் தொட்டிதானே வருது, பேசாம அரைங்க" என்றார். அரைத்தேன்.

அண்ணி போய்விட்டாள். பாப்பாவையும் தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்கு. சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். சண்டையே போடவில்லை. "உங்க தங்கச்சி வீடு. நீங்க காவல் இருங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் வரை பொறு என்கிறாயே. யார் பொறுப்பது?

உங்கள் காட்சிப் பொருள்

மார்ச் 16

அண்ணா,

மேடம் என்று எழுதாதே. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பசைக்காரருக்குப் போன் செய்தேன். "நீங்கதானே மேடம் சொன்னீங்க" என்றார். நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "அடுத்த தடவை நான் வர்றப்ப சிவப்புத் தொட்டி ஒண்ணுகூட என் கண்ணுல படக்கூடாது." கழிவைக் குறையுங்கள் என்றுதான் சொன்னேன். அதற்கு ஒரு வருஷம் பாடுபட வேண்டும். பெயின்ட் அடிக்க ஒரு மத்தியானம் போதும். அடுத்த முறை போனேன், சிவப்பே இல்லை. எவ்வளவு சுறுசுறுப்பாக மாறிவிட்டார்கள் என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன்.

எங்கள் கழிவுக் கணக்கு ஃபேக்டரி கேட்டோடு முடிகிறது. கேட்டைத் தாண்டி லாரி போய்விட்டால் அது கழிவு இல்லை, உனக்கு மூலப்பொருள். அந்தப் பெயரை வைத்ததே நான். அப்போது பெருமையாக இருந்தது.

கல் ஏன் உப்புகிறது என்று இங்கே பரிசோதனைக்கூடத்தில் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். சிமென்ட்டின் காரம் கண்ணாடியைத் தின்னும், ஈரம் சேர்ந்தால் உள்ளே வீங்கும், மெதுவாகத்தான் தெரியும் என்றார். "பல மாசம் நனைச்சு வச்சுப் பார்த்திருப்பீங்களே?" என்றார். பார்க்கவில்லை. பார்க்க நாளில்லை, வீட்டுத் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அப்படியானால் கொஞ்சம் தூள் போட்ட கல்கூட நிற்குமா என்று எனக்கு இப்போது தெரியாது. உன்னை மணல் கேள்வி கேட்டதற்கு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு அடுத்த வரியை எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். குழு ஏப்ரல் 12 அன்று உன் வீட்டுக்கு வருகிறது. அந்த ஒரு நாள் மட்டும் சிரித்துக்கொண்டு நில் அண்ணா. நல்ல வீடு என்று சொல். விருது கைக்கு வந்துவிட்டால் என் பேச்சு எடுபடும், அப்புறம் நானே வந்து முதல் கல்லைப் பெயர்க்கிறேன். அண்ணியை அன்றைக்கு மட்டும் கூட்டிவா. அவளிடம் நேராகக் கேட்க எனக்கு முகம் இல்லை.

தங்கை

ஏப்ரல் 8

அண்ணா,

முந்தின கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. சிரிக்காதே. எதையும் மறைக்காதே.

இங்கே வரவேற்புக் கூடத்தில் நம் வீட்டுப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். விருதுக் குழுவினர் இங்கிருந்து உன் ஊருக்குப் புறப்படும் முன் அதன் கீழே நின்று நான் பேச வேண்டும், அதற்காகச் சீக்கிரமே போய் நின்றேன். வாசலில் நீ, அண்ணி, நடுவில் பாப்பா. பாப்பா ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்திருக்கிறாள். கூச்சத்தில் பிடித்திருக்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பெரிய படத்தில் நகம் தெரிகிறது. சொறிகிறாள் அண்ணா. அன்றைக்கே சொறிந்திருக்கிறாள். அந்தப் படத்தை எடுத்தவள் நான்.

பேச எழுந்தவள், எழுதிவைத்ததைப் பேசவில்லை. வீடு குடியிருக்க லாயக்கில்லை என்று சொல்லிவிட்டேன். நீ கேட்ட அதே வார்த்தை. தொட்டிக்குப் பெயின்ட் அடித்ததையும், நனைத்துப் பார்க்காததையும் சொன்னேன். ரப்பர் உறையும் வெட்டும் முறையும் நிஜம், அதை மட்டும் பாருங்கள் என்று கெஞ்சினேன். எங்கள் தலைவர், பெரியவர் என்போமே, அவர்தான் சிரித்துக்கொண்டே எழுந்தார். "நம்ம பொண்ணு ரொம்பக் களைச்சுப் போயிருக்கா" என்றார். குழுவின் தலைவி, நரைத்த கிராப்பு வெட்டிய அம்மா, விடவில்லை. "நேர்ல போய் அந்த வீட்டுல இருக்கறவங்க வாயால கேட்டுக்கறோம்" என்றார். பெரியவரும் ஒத்துக்கொண்டார்.

ஆக, எல்லாம் இப்போது உன் வாயில் இருக்கிறது. அந்த அம்மா கேட்டால் உள்ளதைச் சொல். சுவரைக் காட்டு. பாப்பாவின் கையைக் காட்டு. நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும். வீட்டை இடிக்க அவர்களே ஆள் அனுப்புவார்கள்.

உனக்குப் போன் செய்தேன், போகவில்லை. மெசேஜ் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அண்ணிக்கு அடித்தேன், எடுத்தாள். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். பன்னிரண்டுக்குள் வந்துவிடும் என்று தபால் அலுவலகப் பெண் சொன்னாள். "சேர்ந்துடும் மேடம், கவலைப்படாதீங்க" என்றாள்.

தங்கை

ஏப்ரல் 12

குட்டி,

நீ கேட்டபடியே செய்து முடித்தாயிற்று. இனி நீ நிம்மதியாக இரு.

அண்ணியின் அக்கா வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றேன். உள்ளே வரச் சொல்லவில்லை. "ஒரு நாள், அதுவும் அவளுக்காக" என்றேன். அண்ணி துணியை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி முடித்துவிட்டுத்தான் பேசினாள். "அவ படிக்கறதுக்கு நானும்தான் சட்டை தைச்சுப் போட்டேன். வரேன். ஆனா ராத்திரி தங்க மாட்டேன்."

கொத்தனார் நண்பன் ஒருத்தனைக் கூட்டிவந்து நேற்றே புதுப் பூச்சு பூசினோம். பெரிய கீறலுக்கு முன்னால் அலமாரியை நகர்த்திவைத்தேன். பாப்பாவுக்கு முழுக்கைச் சட்டை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் ஒரு வீட்டையே மறைத்தேன்.

பெரிய கூட்டம். கேமரா வேறு. நரைத்த கிராப்போடு ஒரு பெரியம்மா, நல்ல முகம். ஆனால் லேசுப்பட்ட ஆள் இல்லை குட்டி. சுற்றிப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே? என் முன்னால் உட்கார்ந்துவிட்டார். "இங்க இருக்கறதுல உங்களுக்கு ஏதாவது கஷ்டம் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சுவர்ல ஏதாவது?" இல்லை என்றேன். "தங்கச்சி வேலை பார்க்கற இடமாச்சேன்னு தயங்க வேண்டாம். உள்ளதைச் சொன்னா அவங்களுக்கும் நல்லதுதான்." என்ன தந்திரம் பார்த்தாயா? உன்னைச் சொல்லியே என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறார். என்னிடமா நடக்கும்? நான் எழுந்து சுவரைத் தட்டினேன், அன்றைக்கு அந்த வாத்தியார் தட்டினார் என்று எழுதினேனே, அதே மாதிரி. "இந்த மாதிரி வீடு எங்க பரம்பரையிலயே யாரும் கட்டினதில்லம்மா" என்றேன். அது பொய்யில்லை. "எங்க தங்கச்சி தப்பா ஒண்ணும் செய்ய மாட்டா" என்றேன். அதைக் கேமராவைப் பார்த்துச் சொன்னேன்.

பெரியம்மா அண்ணியைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தாள். "அவர் சொல்றதுதான்" என்றாள். அந்த அம்மாவின் முகம் ஏனோ வாடிப்போயிற்று. விருது வேறு எங்கேயோ கொடுக்க நினைத்திருப்பார் போல.

அண்ணி சாயங்காலமே கிளம்பிவிட்டாள். பஸ் ஏறும்போது, "உங்க தங்கச்சிக்கு எழுதறப்ப, அவளுக்குச் செய்ய வேண்டிய கடன் தீர்ந்துச்சுன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

நீ சொன்னதை இனி நீ செய். முதல் கல்லைப் பெயர்க்க எப்போது வருகிறாய்?

அண்ணன்

ஏப்ரல் 30

அண்ணா,

உன் கடிதத்தைப் படிக்கும் முன்பே உன்னைப் பார்த்துவிட்டேன். ஒரு சுவர் முழுக்க உன் முகம்தான்.

பெரிய மேசையைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள். பெரியவர் விளக்கை அணைத்து வீடியோவைப் போடச் சொன்னார். நீ சுவரைத் தட்டினாய். எங்க தங்கச்சி தப்பா ஒண்ணும் செய்ய மாட்டா என்றாய். விளக்கைப் போட்டார்கள். "உங்க சொந்த அண்ணன். அந்த வீட்டுல வாழறவர். அவர் பொய் சொல்றாரா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

"எனக்காகப் பொய் சொல்றான்" என்றேன். யாரோ சிரித்தார்கள். என் காதுக்கே அது பைத்தியக்காரப் பேச்சாகத்தான் கேட்டது. நீ எனக்கு எழுதிய கடிதங்களைக் காட்டலாம் என்று பையைத் திறந்தேன். "அண்ணன் தங்கச்சிச் சண்டையை இங்க கொண்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டார். கிராப்பு அம்மா மட்டும் கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அவரை மறுபடி மறுபடி கேட்டேனேம்மா" என்றார். அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்?

விருது கம்பெனிக்குக் கிடைத்துவிட்டது. எதற்கு என்று கேட்க மாட்டாயா? வீட்டுக்கு. ரப்பர் உறையைப் பற்றி ஒரு வரி இல்லை. கழுவ ஆள் போட வேண்டியிருக்கிறது, நேரமாகிறது என்று அதை நிறுத்தப் போகிறார்களாம். பழையபடி பிளாஸ்டிக் உறை. அதைக் கொட்ட இன்னும் மூன்று ஊரில் உன் பட்டறை மாதிரி பட்டறைகள் வருகின்றன. மூன்று வீடுகளும் கட்டுவார்கள். அங்கே யாருடைய அண்ணன் குடியிருக்கப் போகிறானோ.

என்னை ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அலுவலகப் போனையும் மேசைச் சாவியையும் வாங்கிக்கொண்ட ஓய்வு.

உன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. சின்ன வயதிலிருந்து நான் எதைக் கேட்டாலும் முதலில் மாட்டேன் என்பாய், நான் அழுதால்தான் தருவாய். இந்த ஒரு தடவை மாட்டேன் என்றே இருந்திருக்கக் கூடாதா? போனை எடுத்திருக்கக் கூடாதா? பாசத்தைக் காட்ட வேறு நாளே கிடைக்கவில்லையா உனக்கு?

கேட்டது நான்தான். தெரியும். அதனால்தான் ஆத்திரம் இறங்க இடமில்லாமல் என்னிடமே திரும்பி வருகிறது.

தங்கை

மே 17

குட்டி,

உன் விரைவுத் தபால் அவர்கள் போய்ப் பத்து நாள் கழித்துத்தான் விரைந்து வந்தது. அலமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன், தபால்காரர் கொடுத்தார். படித்துவிட்டு அந்தக் கீறலுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். தடுத்து வைத்த நம்பரை விடுவித்து உனக்கு அடித்தேன். வேறு யாரோ எடுத்து, மேடம் இப்போது இந்தப் பிரிவில் இல்லை என்றார்கள்.

ஆத்திரப்படு. நானும் படுகிறேன். நீ முதலில் பொய் கேட்டாய், அப்புறம் உண்மை கேட்டாய். எனக்கு முதலில் கேட்டதுதான் வந்து சேர்ந்தது. உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாகத் தூங்கினேன் தெரியுமா? அரிப்புகூடத் தெரியவில்லை. அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பெரியவருக்கு ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினேன், நான் சொன்னது பொய், வீடு சரியில்லை என்று. "விருது வந்ததும் பங்கு கேட்கிறார்" என்று பதில் வந்தது.

அதனால் யாரையும் கேட்காமல் இடிக்க ஆரம்பித்துவிட்டேன். வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, முன்னறையிலிருந்து. பிளாக் மெஷினை எடுத்துப் போய்விட்டார்கள். போகட்டும், ஒரு கொத்தனாரிடம் கூலிக்குப் போகிறேன், கரண்டி இன்னும் கையில் நிற்கிறது. சுவர் என்னவோ சுலபமாகத்தான் விழுகிறது. அவ்வளவு பெருமையாக நின்ற சுவர், இரண்டு அடிக்குத் தாங்கவில்லை.

முதல் லோடு இடிபாட்டை லாரியில் ஏற்றி நேராக உன் ஃபேக்டரி கேட்டுக்கே கொண்டுபோனேன். உங்கள் பொருள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொட்டிவிட்டு வரலாம் என்று. காவலாளி நல்ல மனுஷர், தலையைச் சொறிந்தார். "உள்ள இருந்து வெளிய போறதுக்குத்தாங்க இந்த வழி. வெளிக் கழிவு உள்ள வரக் கூடாது. இது கழிவே இல்லாத ஃபேக்டரி. பலகையைப் பாருங்க." பார்த்தேன். நான் அடித்த கல்லில் கட்டிய மதில், அதன் மேல் பலகை. மதிலிலும் வலை மாதிரிக் கீறல் விழ ஆரம்பித்திருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம் அவர் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். இடிபாட்டுக்கு மேலே நம் வீட்டு வாசலில் பதித்திருந்த பித்தளைப் பலகை கிடந்தது. உன் பெயரும் கம்பெனி முத்திரையும் போட்டது. "இது கம்பெனி சொத்து, இதைக் கொடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுத்தேன். துடைத்து உள்ளே எடுத்துக்கொண்டு போனார். ஒரு வீட்டிலிருந்து அந்தக் கேட் திரும்ப வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

வேறு எங்கே கொட்டுவது? ஆற்றங்கரையில் கொட்டலாம் என்றான் லாரிக்காரன், ராத்திரியோடு ராத்திரியாக. மாட்டேன் என்றேன். நீ என்னை ஏதோ மாற்றித்தான் வைத்திருக்கிறாய். திருப்பி நம் மனைக்கே ஓட்டச் சொன்னேன். அப்பா விட்டுப்போன இடத்தில் பாதி உனக்கு, பாதி எனக்கு. குப்பையையும் அப்படியே பிரித்திருக்கிறேன். என் பாதி என் பக்கம், உன் பாதி உன் பக்கம். மேலே தார்ப்பாய் போட்டு, பறக்காமல் கல் வைத்திருக்கிறேன். பங்கில் எனக்கு ஒரு கூடை கூடுதலும் இல்லை, உனக்கு ஒரு கூடை குறைச்சலும் இல்லை. வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்.

படுக்கையறைச் சுவர் ஒன்றை விட்டுவைத்திருக்கிறேன். முதல் கல்லை நீ பெயர்ப்பதாகச் சொன்னாய். முதல் கல் போய்விட்டது, கடைசிக் கல் இருக்கிறது.

அண்ணி இன்னும் வரவில்லை. ஆனால் பாப்பாவிடம் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினாள். பிரித்துப் பார்த்தால் ஒரு முழுக்கைச் சட்டை, கெட்டித் துணி, மணிக்கட்டில் இறுக்கிக் கட்டுகிற மாதிரி. என் அளவு இல்லை. "அவ வந்து இடிச்சா போட்டுக்கட்டும். இது அக்கா வீட்டுல வச்சுத் தைச்சது, அரிக்காது" என்று சொல்லச் சொன்னாளாம்.

வா.

அண்ணன்